சம்பூர்ணம் பால் காய்ச்சிய கட்டடம்

செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் சம்பூர்ணக்காவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. காலையில் இட்லி, சாயங்காலம் போண்டா, இரண்டுக்கும் நடுவில் ஊர் நியாயம். தள்ளுவண்டிதான். ஆனால் அதன் பின்னால் அவள் நிற்கிற தோரணையைப் பார்த்தால் காந்தி ரோட்டில் நாலு மாடிப் பட்டுக்கடை வைத்திருப்பவள் என்றுதான் தோன்றும். ஐம்பத்திரண்டு வயது, நீளமான வாய், தாராளமான மனசு. டவுன் பஸ் கண்டக்டர்கள்கூட அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, எதை நீட்டினாலும் ஒரே பதில்தான்.

"கண்ணாடிய ஊட்ல வெச்சிட்டம்பா. நீயே படி."

பொய் சொன்னால் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது பொருந்தியது மட்டுமில்லை, அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டது. பாவம், நம்ம சம்பூர்ணத்துக்குக் கண்ணாடி கையில் நிற்பதில்லையே என்று ஊர் அவளுக்குக் கண்ணாடி கொடுக்க ஆரம்பித்தது. இலவசக் கண் முகாமில் ஒன்று. மகன் சரத்குமார் வாங்கி வந்தது ஒன்று. கடைசியாக அவள் போகிற சபையின் பெண்கள் சங்கம் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தது ஒன்று, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சங்கிலியோடு. சங்கிலி வந்த பிறகு மறப்பதற்கும் வழியில்லாமல் போயிற்று.

பாஸ்டரம்மா கமலவேணி அதோடு விட்டாரா என்றால், இல்லை. நல்லது செய்கிறவர்களிடமிருந்து அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது. "இப்பத்தான் கண்ணாடி வந்துட்டதே சிஸ்டர், பெண்கள் ஞாயிறு அன்னிக்கு வேதபாடம் நீங்கதான் வாசிக்கணும்" என்று பெயரைப் போட்டுவிட்டார். சபை முழுக்கக் கை தட்டியது. சம்பூர்ணக்காவும் சிரித்துக்கொண்டே தட்டினாளாம். அன்று சாயங்காலம் போண்டாவில் உப்பு இல்லை.

இந்த இடத்தில் நான் வருகிறேன். என் பெயர் கலையரசி. செவிலிமேட்டில் நடக்கும் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் தன்னார்வலர். தன்னார்வலர் என்றால் சம்பளம் கிடையாது. ஆனால் ஏன் ஆள் குறைந்தது என்று கேட்பதற்கு மேலே அதிகாரிகள் உண்டு.

ஆள் ஏன் குறைந்தது என்றா கேட்கிறார்கள்? வகுப்பு நடந்த இடம் ஆரம்பப் பள்ளியின் வராந்தா. எதிரே பஸ் ஸ்டாப். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் பேரன் எடுத்த பெண்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பஸ் வந்து நிற்கும். ஜன்னலோரத்தில் இருப்பவன், "இன்னாமா, ஹோம் ஒர்க் முட்சிட்டியா?" என்பான். பஸ் போய்விடும், அவள் மறுநாள் வர மாட்டாள். பள்ளிக்கூடக் கழிப்பறையைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள், அதனால் மிச்சப் பேரும் பாதி வகுப்பில் எழுந்து போவார்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டு அறிக்கையில் 'கற்போரிடையே ஆர்வமின்மை' என்று எழுதுவார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சம்பூர்ணக்கா எதிர்ப்பக்கம் நின்று இதையெல்லாம் தினமும் பார்த்தாள். மழைநாளில் வகுப்புக்குச் சுடச்சுட போண்டா அனுப்புவாள். ரோட்டைத் தாண்டி ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு மூலதன நிதி வந்தது. முதியோர் கல்விக்கென்றே தனிக் கட்டடம். மூலதன நிதியின் இலக்கணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதில் சுவர் எழுப்பலாம், கிரானைட் பதிக்கலாம், மின்விசிறி மாட்டலாம். சாக்பீஸ் வாங்கக் கூடாது, வாத்தியார் வைக்கக் கூடாது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

ஆனால் கட்டடம் எழுந்தபோது என் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. பெரியவர்கள் உட்காரும் உயரத்தில் நாற்காலி. முட்டி வலிக்காரர்களுக்குச் சாய்தளம். தண்ணீர் வருகிற கழிப்பறை இரண்டு. ஏதோ சேமிப்புக் கிடங்குக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே இதற்கும் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. வெளியே நின்று எட்டிப் பார்த்தாலும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தேக்குக் கதவு வேறு. அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே பிழை அந்த ஜன்னல்தான், எங்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரத்தை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

கட்டி முடித்தார்கள். பூட்டினார்கள். ஆடி மாதத்தில் திறப்பு விழா கூடாது என்றார்கள். ஆடி போயிற்று, சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்து வரவில்லை. அப்புறம் மார்கழி. தை பிறந்தால் வழி பிறக்கும் என்றார்கள். தை பிறந்தது, தேதி பிறக்கவில்லை. பளபளவென்று நிற்கும் கட்டடத்துக்கு எதிரே, பள்ளிக்கூட வராந்தாவில், முழங்காலை மடக்கிக்கொண்டு நாங்கள் அ ஆ எழுதிக்கொண்டிருந்தோம்.

பாஸ்டரம்மா பெயர் போட்ட மறுவாரம் சம்பூர்ணக்கா ரோட்டைத் தாண்டி வந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போகிறவரை காத்திருந்தாள்.

"கலை, எனக்குப் படிப்பு வராதுடிமா" என்றாள்.

"கண்ணாடி..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ணாடி மூணு இருக்குது. எழுத்துதான் ஒண்ணும் இல்ல."

உங்கள் வீட்டுக்கே வந்து சொல்லித் தருகிறேன் என்றேன்.

"ஊட்ல துர்கா இருக்கா. பி.காம். படிச்ச மருமவ. அவளாண்ட இத்தினி வருசமா கண்ணாடியத்தான் காமிச்சிக்கினு வந்தேன்."

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்கக்கா."

"உங்க மாமியா காதுல வுழுந்தா பெரிய காஞ்சிபுரம் வரிக்கும் மைக் போட்டா மாதிரி கேக்கும். வராந்தாவும் வோணாம். நான் இட்லி விக்கிற ரோட்ட பாத்துக்கினு நானே குந்தி அ எழுதறதா? கதவு இருக்கிற எடமா பாத்து சொல்லிக் குடு."

கதவு இருக்கிற இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அதன் சாவி ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் மாணிக்கவேலிடம் இருந்தது. மாணிக்கவேல் தினமும் சம்பூர்ணக்காவிடம் சாப்பிடுகிறவன். அந்த வாரம் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிருந்தது. தட்டை நீட்டிக்கொண்டே அவன் அலுத்துக்கொண்டபோது, அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பால் காய்ச்சினியாபா?"

"எங்கக்கா?"

"புது ஊட்டுக்கு. பால் காய்ச்சாம பூட்டி வெச்சா மோட்டாரு எரியாம இன்னா பண்ணும்? இன்னைக்கு மோட்டாரு, நாளைக்கு செவுரு."

"அது கவர்மெண்டு கட்டடம்க்கா."

"கவர்மெண்டுக்குக் கண்ணு படாதா?"

மாணிக்கவேலுக்கு முகம் மாறிவிட்டது. ஒப்பந்த விதிகளில் விரிசலுக்கு அபராதம் உண்டு; பால் காய்ச்சியதற்கு அபராதம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் கதவைத் திறந்துவிட்டான். சம்பூர்ணக்கா தன் வண்டி அடுப்பையே உள்ளே கொண்டுபோய், அரங்கின் நடுவில் வைத்து, பாத்திரம் வைத்துப் பாலை ஊற்றினாள். முதலில் ஒரு சின்ன ஜெபம். பிறகு பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தபோது ஒரு குலவை. இரண்டும் சேர்ந்தால் தப்பில்லையா என்று கேட்டேன். கட்டடம் எல்லோருக்கும் பொதுதானே என்றாள். பிறந்ததிலிருந்து வாடகை வீட்டிலேயே இருந்தவள், முதல்முதலாகப் பால் காய்ச்சியது அரசாங்கத்தின் வீட்டில்.

மாணிக்கவேல் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் பூட்டைக் கையில் எடுத்தான்.

"எங்க பூட்ற?" என்றாள் அக்கா. "பால் காய்ச்சின ஊட்ட யாராச்சும் அன்னிக்கே இருட்டுல போடுவாங்களா? சாயங்காலத்துல வெளக்கு எரியணும், மன்ச நடமாட்டம் இருக்கணும்."

"எத்தினி நாளைக்குக்கா?"

"ஏன்பா, வரதராசர் ஊர்ல பொறந்துட்டு எங்கிட்ட கேக்கிற. கோயிலுக்குக் கும்பாபிசேகம் பண்ணா மறுநாளே பூட்டிக்கினு போயிடறாங்களா? ஒரு மண்டலம் பூஜ நடக்குதா இல்லியா?"

பெண்கள் ஞாயிறுக்கு ஒரு மண்டலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் நாள் இருந்தது. மாணிக்கவேலுக்கு அது தெரியாது. சபைக்குப் போகும் சம்பூர்ணம் சொன்ன ஆகமத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு, சாயங்காலம் சாயங்காலம் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டுப் போனான். மண்டல பூஜை என்கிற பெயரில் எங்கள் வகுப்பு உள்ளே போயிற்று.

மூலதன நிதியைப் பற்றி நான் முன்னால் சிரித்ததை வாபஸ் வாங்குகிறேன். அந்தக் கட்டடம் செய்த வேலையை நான் பல வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் செய்யவில்லை. கழிப்பறை இருந்ததால் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததால் பெண்கள் கேள்வி கேட்டார்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்தவள் ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்பாளா? முக்கியமாக, கதவு மூடியிருந்தது. தப்பாகப் படித்தால் சிரிக்க உள்ளே இருக்கிறவர்கள் மட்டும்தான், அவர்களுக்கும் அதே தப்பு வரும். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தறிக்காரர்கள் இரண்டு பேர்கூட, தெரு முழுக்க வரவு செலவு பார்க்கிறவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள், காதும் காதும் வைத்த மாதிரி வந்து சேர்ந்தார்கள்.

சம்பூர்ணக்கா போண்டாவைச் சீக்கிரமே விற்று முடித்துவிட்டு வந்து, தினமும் முதலில் உயிரெழுத்து வரிசையை ஒரே மூச்சில் எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போவாள். அடுப்பு பற்றவைக்கிற மாதிரி, அது இல்லாமல் வேலை ஓடாது. பிறகு வேதபாடம். ழகரம் அவளை அழவைத்தது. ஒருநாள் நிஜமாகவே அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இது தேவையாடி?" என்று என்னைத் திட்டினாள். மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது திறப்பு விழாவுக்குத் தேதி கிடைத்துவிட்டது. பெண்கள் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. ஏற்பாடுகளைப் பார்க்க அதிகாரி மணிவண்ணன் சார் ஒரு சாயங்காலம் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து கதவைத் தள்ளினார். உள்ளே கரும்பலகை நிறைய எழுத்து, நாற்காலி நிறைய ஆள்.

"தொறக்காத கட்டடத்துல எப்படிம்மா பாடம் நடத்துனீங்க?"

"கதவத் தொறந்துதான் சார்" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மனுஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். ரெக்கார்டின்படி இந்தக் கட்டடம் இன்னும் திறக்கப்படவில்லை, திறக்காத கட்டடத்தில் படித்தவர்கள் படித்ததாகக் கணக்கில்லை என்றார். அதைக்கூடச் சமாளித்துவிடலாமாம். வேறொரு சிக்கல் இருந்தது. சிறப்பு விருந்தினர் மேடையில் ஓர் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரின் கையைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் அ எழுத வைப்பார். நிகழ்ச்சியின் உயிரே அதுதான். அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

"யாருக்குமா எழுதத் தெரியாது?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கு அதில் ஏற்பட்ட வருத்தத்தைப் போல் ஒரு வருத்தத்தைக் கல்வித் துறை எப்போதும் கண்டிருக்காது.

"யாராவது ஒருத்தர் தெரியாத மாதிரி இருந்துடுங்கம்மா. இல்லன்னா விருந்தினர் வரமாட்டாரு. தேதி போச்சுன்னா மறுபடி எப்பன்னு தெரியாது. அதுவரைக்கும் சாவிய நான்தான் எடுத்துக்கணும்."

ஒருவரும் அசையவில்லை. படிப்பு வந்து இன்னும் சூடு ஆறவில்லை, அதற்குள் வரவில்லை என்று மேடையில் நிற்க யாருக்கு மனசு வரும்? செல்லியம்மாள் என்பவள், பேரன் பார்த்தால் சிரிப்பான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சார் எழுந்து மாணிக்கவேலிடம் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"நான் நிக்கிறேன் சார்" என்றாள் சம்பூர்ணக்கா.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளைத் தனியே இழுத்துப்போய், "அக்கா, மறுநாளே உங்களுக்குச் சபையில வாசிப்பு. இத்தனையும் எதுக்குச் செஞ்சீங்க?" என்றேன்.

"பால் காய்ச்சினவ நான். அத பூட்டுனா நானே எப்பிடி பாக்கறது? சனிக்கெழம தெரியாதவளா இருக்கிறேன், ஞாயித்துக்கெழம தெரிஞ்சவளா ஆயிடறேன். சபைக்காரங்க யாரு இங்க வரப்போறாங்க?"

செல்போன் என்று ஒன்று இருப்பதை அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

விழா நன்றாகவே நடந்தது. மோளம், மாலை, வெள்ளிக் கத்தரிக்கோல். யாரும் இதுவரை நுழையாத கட்டடத்தில் நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நுழைந்தோம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று செல்லியம்மாள் விருந்தினரின் மனைவிக்கு வழிகாட்டியதை மணிவண்ணன் சார் மட்டும் கவனித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடையில் சம்பூர்ணக்காவின் கையைப் பிடித்து விருந்தினர் அரிசியில் அ போட்டார். போட்டோ எடுத்தார்கள். அவர் பிடியைத் தளர்த்தினார். அவள் விரல் நிற்கவில்லை. பக்கத்திலேயே ஆ வந்தது, பிறகு இ, ஈ. தினமும் ஒரே மூச்சில் எழுதிய கை, பாதியில் நிறுத்தச் சொன்னால் அதற்கு என்ன தெரியும்? உ-வின் பாதியில் சுதாரித்துக்கொண்டு விரலை இழுத்தாள். அப்புறம் கைதட்டல் கூரையைப் பிளந்தது. விருந்தினர் தன்னுடைய வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊரிலுள்ள எல்லா போன்களிலும் இருந்தது. 'எழுத்தறியாத மூதாட்டிக்கு ஏற்றம்.' எழுத்தறியாத என்பதை அவள் எதிர்பார்த்திருந்தாள். மூதாட்டிதான் பொறுக்கவில்லை.

சபைக்குப் போகிறவள் இல்லை நான். அந்த ஞாயிறு போனேன். வாசலிலேயே பாஸ்டரம்மா கமலவேணி சம்பூர்ணக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா சிஸ்டர்? உங்கள எவ்ளோ கஷ்டப்படுத்திட்டேன்! கவலப்படாதீங்க, பாடம் வாசிக்க உங்களுக்குப் பதிலா துர்காவப் போட்டுட்டேன்."

பக்கத்தில் துர்கா கையில் போனோடு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. சம்பூர்ணக்கா கையை விடுவித்துக்கொண்டாள். வாயாடி என்று பேரெடுத்தவள் அப்படித் தலை கவிழ்ந்து உள்ளே போனதைப் பார்த்தபோது, அந்தக் கட்டடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. கட்டடத்தைக் காப்பாற்றப் போய், எதற்காகக் கட்டடத்துக்குள் போனாளோ அதையே இழந்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. பாடம் என்று அறிவித்தார்கள். துர்கா எழுந்தாள். அதே நேரம் முன் வரிசையில் சம்பூர்ணக்காவும் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே போய் வாசிப்பு மேசைக்குப் பின்னால், தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்கிற அதே தோரணையில் நின்றாள். துர்கா ஒரு கணம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

வாசித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் கல் பார்த்து அரிசி பொறுக்குகிற மாதிரி. ஒரு நீளமான பெயரில் மாட்டிக்கொண்டாள். நிறுத்தி, எழுத்து எழுத்தாகச் சத்தமாகவே கூட்டி, முழுசாகச் சொல்லி, ஒருமுறை இன்னும் பலமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனாள். எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பாடம் முடிய ஆன நேரத்தால் பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அதற்காகவும் சிலர் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்.

வெளியே வந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. நேற்றுதான் அ எழுதினவள் இன்று பாடம் வாசித்துவிட்டாளே, இது அற்புதம்தான் என்றார்கள். பாஸ்டரம்மா அங்கேயே சாட்சி சொல்லச் சொன்னார். அந்தப் பக்கம் விருந்தினரின் ஆட்கள் தலைவரின் கைராசி என்று செய்தி போட்டார்கள். மணிவண்ணன் சாரின் அறிக்கையில் அது 'மூலதனச் செலவின் உடனடிப் பலன்' என்று ஏறியது. அவர் எழுதியது மட்டும் முக்கால்வாசி உண்மை. ழகரத்துக்கு அழுத சாயங்காலங்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. சம்பூர்ணக்கா யாரையும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே தலையாட்டல்.

கூட்டம் கலைந்த பிறகு துர்கா பக்கத்தில் வந்தாள். அற்புதத்தை அவள் நம்பவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு மாமியாரை.

"டெய்லி சாயங்காலம் கட்டடத்துக்கு வெளக்கு வைக்கப் போறேன்னு சொன்னீங்களே அத்த, இதுக்குத்தானா?"

"ஆமா."

"ஏன் அத்த எங்கிட்ட கேக்கல? ஒரே வூட்ல இருந்துக்கினு, நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா?"

குரல் உடைந்துவிட்டது. கோபமா, வருத்தமா, இரண்டும்தான். சம்பூர்ணக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ சொல்லிக் குடுத்திருப்படா கண்ணு. நல்லாவே சொல்லிக் குடுத்திருப்ப. ஆனா அப்பால நான் உனக்கு அத்தையா இருந்திருப்பனா?"

துர்கா அத்தையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.